நாற்பத்து மூன்று சதவீதத் திருடன்

வியாழக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்தது. எங்கள் கல்லூரி நூலகத்துக்குப் போய் ஒரு சான்றிதழ் வாங்க வேண்டும்.

பத்து நிமிட வேலை என்று மனைவியிடம் சொன்னேன். "நீங்க பத்து நிமிஷம்னு சொன்னா, நான் மத்தியானச் சாப்பாட்டைக் கட்டிக் குடுத்துடறேன்" என்றாள். கட்டியும் கொடுத்தாள். என்னோடு இருபத்தெட்டு வருடம் குடித்தனம் நடத்தியவள்.

விஷயம் இதுதான். மயிலாப்பூர் பக்கம் ஒரு கல்லூரியில் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். வயது ஐம்பத்தைந்து. எங்கள் துறையில் முனைவர் பட்டம் இல்லாத ஒரே ஆள் நான். என்னிடம் படித்துவிட்டுப் பக்கத்து மேஜையில் வேலைக்கு வந்த பாலாஜிகூட டாக்டர். அவன் என்னை "சார்" என்று கூப்பிடும்போதெல்லாம் எனக்கு அடிபட்ட மாதிரி இருக்கும்.

அதனால் பகுதி நேரமாக ஆய்வுக்குப் பதிவு செய்தேன். ஒன்பது வருடம் ஆயிற்று. மூன்று முறை நீட்டிப்பு வாங்கியாயிற்று. வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பல்கலைக்கழகத்தில் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. ஒன்பது வருடமும் குப்பை.

ஆய்வேடு தயார்தான். 'சென்னை இதழ்களில் வாசகர் கடிதங்கள்.' கறுப்பு ரெக்ஸின் அட்டை, தங்க எழுத்து. சான்றிதழ் ஒட்ட ஒரு பக்கத்தைக் காலியாக விட்டு பைண்டிங்கே செய்து முடித்துவிட்டேன். என் தன்னம்பிக்கை அவ்வளவு பெரியது.

என்ன சான்றிதழ்? 'இந்த ஆய்வேடு எங்கிருந்தும் திருடப்படவில்லை' என்று கணினியில் சோதித்து நூலகர் கையெழுத்துப் போட வேண்டும். இந்த ஊரில் இருக்கிற எல்லா எழுத்தையும் ஒரு மென்பொருள் படித்து வைத்திருக்கிறது. நம்முடையதை அதில் போட்டால் எத்தனை சதவீதம் பிறர் சரக்கு என்று சொல்லும். பத்துக்குள் இருந்தால் ஆய்வாளர். தாண்டினால் திருடன்.

அந்த மென்பொருளின் சாவி நூலகரிடம் இருக்கிறது. இத்தனை காலம் அவரைப் புத்தகத்தில் தேதி முத்திரை குத்துகிறவர் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். இப்போது அவர் நீதிபதி. அவருடைய குளிரூட்டிய அறைக்கு வெளியே வணிகவியல், பொருளாதாரம் என்று இரண்டு பேராசிரியர்கள், கையில் பென்டிரைவோடு, பல் டாக்டரிடம் வந்தவர்களைப் போல உட்கார்ந்திருந்தார்கள்.

நூலகர் பஷீரை எனக்கு இருபது வருடமாகத் தெரியும். இருபது வருடமும் "பஷீர்" என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். அன்றைக்கு உள்ளே நுழையும்போது என் வாய் தானாக "பஷீர் சார்" என்றது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இப்படித் திருந்தியவர்களை அவர் நிறையப் பார்த்திருப்பார்.

"வாங்க சார். கடைசி நாள்தான் வருவீங்கன்னு தெரியும். அதுக்கு முன்னாடி ஒண்ணு. உங்க பேர்ல நாலு புஸ்தகம் நிக்குது."

"நாலா?"

"நாலு. பதினோரு வருஷமா."

"நாளைக்கே கொண்டாந்துடறேன்."

"சரி சார்" என்றார். அதை அவர் நம்பவில்லை. நானும்தான்.

பென்டிரைவைச் செருகினார். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. நான் மின்விசிறியைப் பார்த்தேன். மூன்று நிமிடம். வந்தது முடிவு.

பூஜ்யம் சதவீதம்!

ஐயா, பூஜ்யம்! முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு வரிகூட இரவல் இல்லை! எனக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே செல்போனை எடுத்துத் திரையைப் படம் பிடித்து, எங்கள் துறையின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். 'உழைப்பு பொய்க்காது' என்று ஒரு வரியும் சேர்த்தேன். யாரும் கேட்கவில்லை. நானாகவே போட்டேன்.

பாலாஜி ஒரு கும்பிடு அனுப்பினான்.

"சார், கொஞ்சம் இருங்க" என்றார் பஷீர். "அவசரப்பட்டு சந்தோஷப்படாதீங்க."

"ஏன்?"

"பூஜ்யம் யாருக்கும் வராது சார். நன்றியுரையில 'என் பெற்றோருக்கும் இறைவனுக்கும்'னு எழுதினாலே ஒண்ணு வந்துடும். பூஜ்யம்னா மெஷின் படிக்கவே இல்லன்னு அர்த்தம்."

திரையை என் பக்கம் திருப்பினார். "இதுதான் உங்க முதல் அத்தியாயம். மெஷின் கண்ணுக்கு."

முழுக்க ஆங்கில எழுத்து. நடுநடுவே அரைப்புள்ளி, அடைப்புக்குறி, கேள்விக்குறி. கீபோர்டு மேல் பூனை நடந்தால்கூட இதைவிடக் கொஞ்சம் பொருள் இருக்கும்.

"நீங்க டைப் அடிக்கக் குடுத்த இடத்துல பழைய ஃபான்ட் சார். வெளியில பார்த்தா தமிழ். உள்ளே வெறும் இங்கிலீஷ் எழுத்து. இந்த மாதிரி உலகத்துல யாருமே எழுதினதில்லன்னு மெஷின் சொல்லுது."

"அது உண்மைதானே?"

"உண்மைதான் சார். அதனாலதான் சர்ட்டிஃபிகேட் தர முடியாது. யூனிகோடுல மாத்திக்கிட்டு வாங்க."

"இத்தனை நாள் எல்லாரும் இப்படித்தானே வாங்கினாங்க?"

"போன வருஷம் வரைக்கும் வாங்கினாங்க. பூஜ்யம் வாங்கியே நிறைய பேர் டாக்டர் ஆனாங்க. இப்ப சுற்றறிக்கை வந்துடுச்சு."

பாலாஜி வாங்கியதும் பூஜ்யம்தான். கேக் வெட்டினான். நானும் ஒரு துண்டு சாப்பிட்டேன். ஊரே தப்பித்துப்போன ஓட்டையை, நான் வந்து நிற்கும்போது சரியாக அடைத்திருக்கிறார்கள். என் வாழ்க்கையே இப்படித்தான் என்று யோசிக்க ஆரம்பித்தேன். பஷீர், "மணி பதினொண்ணு சார்" என்றார்.

ஆட்டோ பிடித்து சைதாப்பேட்டை. கோர்ட் பக்கத்துச் சந்தில் டி.டி.பி. கடை. வக்கீல் மனு, கல்யாண ஜாதகம், என் ஆய்வேடு, எல்லாவற்றையும் தட்டச்சு செய்வது செல்வி என்கிற ஒரே பெண்மணி.

"இன்னா சார், பைண்டிங் பிரிஞ்சிகிச்சா?"

"இல்லம்மா. எழுத்தை மாத்தணும்."

"எழுத்தையா? அல்லாத்தையுமா? முந்நூறு பக்கத்துக்கு மேல கீது சார்!"

விளக்கினேன். பஷீர் எனக்கு விளக்கியதை நான் ஏதோ பிறந்ததிலிருந்தே தெரிந்தவன் மாதிரி விளக்கினேன்.

"அவ்ளோதானா? கன்வெர்ட்டர்ல போட்டா அஞ்சு நிமிசம். ஆனா அங்கங்க எழுத்து ஒடைஞ்சிக்கும்."

"உடையக் கூடாதும்மா. இது ஆய்வேடு."

"மெஷினு படிக்கிறதுக்குத்தானே சார்? மன்சன் யாரும் படிக்கப் போறதில்லியே? அப்பறம் இன்னாத்துக்கு டென்சன்?"

பென்டிரைவை நீட்டினேன்.

வேலை நடக்கும்போது செல்வி இன்னொன்றும் சொன்னார். "நானு முழுக்கப் படிச்சிகினேதான் சார் அடிச்சேன். மொத ரெண்டு அத்தியாயம் மட்டும் எங்கியோ படிச்சா மாதிரியே இருந்துச்சு."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "நல்ல எழுத்து அப்படித்தாம்மா இருக்கும்" என்றேன். "நமக்கு ஏற்கெனவே தெரிஞ்ச மாதிரி தோணும்."

"இருக்கும் சார்" என்றார் செல்வி.

சைதாப்பேட்டையில் கரண்ட் போய், வந்து, ஆட்டோ கிடைத்து, நெரிசலில் நின்று, நூலகம் திரும்பும்போது மணி இரண்டு. வணிகவியலும் பொருளாதாரமும் இப்போது பஷீரின் அறைக்குள் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முறை முடிந்துவிட்டிருந்தது. ஏசிக்காக இருந்தார்கள் என்று நினைக்கிறேன்.

மறுபடி வட்டம் சுற்றியது. இந்த முறை நான்கு நிமிடம்.

நாற்பத்து மூன்று.

"நாற்பத்து மூணு என்ன?" என்று கேட்டேன்.

"சதவீதம் சார்."

திரையில் என் முதல் இரண்டு அத்தியாயமும் ஒரே சிவப்பு. வாசகர் கடிதங்களைப் பற்றிய மற்ற அத்தியாயங்கள் வெள்ளையாக இருந்தன. இதழியல் வரலாறு, இதழின் இலக்கணம், இரண்டும் ரத்தக்களறி.

"சிவப்பெல்லாம் ஒரே புஸ்தகத்துலேர்ந்து வருது சார்."

"எந்தப் புஸ்தகம்?"

சொடுக்கினார். ஒரு அட்டைப் படம் திறந்தது. ரோஜா நிறம். 'இதழியல். இளங்கலை இரண்டாம் ஆண்டு. தேர்வுக் கைடு. ஆசிரியர்: பேராசிரியர் குழு.'

பின்னால் வணிகவியல், "கைடுலேர்ந்தா?" என்றார். பக்கத்து வீட்டில் கொடியில் காய்கிற புடவையைத் திருடியவனைப் பற்றிக் கேட்கிற குரல்.

இங்கே உங்களிடம் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். அந்தப் பேராசிரியர் குழு நான்தான். முழுக் குழுவும் நான் ஒருவனே. பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு மே மாதத்தில், தி.நகர் பதிப்பாளர் ஒருவருக்காகப் பதினெட்டு நாளில் எழுதிக் கொடுத்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். எல்லா வீட்டிலும் அப்படி ஒரு மே மாதம் வரும். பெயர் போடக் கூடாது என்பது என் நிபந்தனை. எங்கள் கல்லூரியில் ஆசிரியர்கள் கைடு எழுதக் கூடாது.

அது மட்டுமில்லை. ஒவ்வொரு ஜூன் மாதமும் முதல் வகுப்பில் நான் அந்தக் கைடை இரண்டு விரலால் செத்த எலியைத் தூக்குகிற மாதிரித் தூக்கிக் காட்டுவேன். "இதை எழுதினவனுக்குத் தமிழும் தெரியாது, இதழியலும் தெரியாது. மூல நூலைப் படிங்கடா" என்பேன். வகுப்பே சிரிக்கும். ஒரு வருடம் ஒரு பெண் எழுந்து, "இதை எழுதினவரை நேர்ல பார்த்தா என்ன சார் பண்ணுவீங்க?" என்று கேட்டாள். "செருப்பால அடிப்பேன்" என்றேன். அன்றைக்குக் கைதட்டல் நிற்க இரண்டு நிமிடம் ஆயிற்று.

"இதைக் கம்ப்யூட்டர்ல யார் ஏத்தினது?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையது மாதிரி இருந்தது.

"நான்தான் சார். டிஜிட்டல் நூலகம்னு ஆரம்பிச்சாங்க இல்ல? வருஷத்துக்கு இவ்வளவு ஏத்தணும்னு கணக்கு. பதிப்பாளர்கிட்ட அனுமதி வாங்கி, பசங்க எதை அதிகமாக் கேக்கறாங்களோ அதை முதல்ல ஸ்கேன் பண்ணினேன். இன்னிக்கு வரைக்கும் அதிகமா டவுன்லோடு ஆகறது இதுதான். பழைய கேள்வித்தாள்கூட ரெண்டாவது இடம்தான்."

அந்த நிலையிலும் எனக்குள் ஒரு சின்னப் பெருமை எட்டிப் பார்த்தது. எவ்வளவு கேவலமான பிறவி பாருங்கள்.

ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், நான் காப்பி அடிக்கவில்லை. அந்தக் கைடைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளவே இல்லை. அந்த இரண்டு அத்தியாயத்துக்கு மூன்று வருடம் எடுத்தேன். விடிகாலையில் எழுந்து ஒவ்வொரு வாக்கியத்தையும் அடித்து அடித்துச் செதுக்கினேன். இப்போது திரையின் இடது பக்கத்தில் செதுக்கிய வாக்கியம். வலது பக்கத்தில் கைடு வாக்கியம். காற்புள்ளி உட்பட ஒன்றே.

மூன்று வருடம் யோசித்து, பதினெட்டு நாளில் எழுதியதையே திரும்ப எழுதியிருக்கிறேன். இரண்டும் இருபத்தாறு வருடமாக வகுப்பில் நான் சொல்லும் பாடம். என் தலைக்குள் இருப்பதே அவ்வளவுதான் போலிருக்கிறது. இத்தனை மாணவர்களில் ஒருவரும் இதை என்னிடம் சொன்னதில்லை. மெஷின் நான்கு நிமிடத்தில் சொல்லிவிட்டது.

"இப்ப என்ன பண்றது?"

"அந்த ரெண்டு அத்தியாயத்தை வேற மாதிரி எழுதணும் சார்."

"மூணு மணி நேரத்துலயா? எனக்கு வேற மாதிரி வராதே!"

"இல்லன்னா இன்னொரு வழி இருக்கு. அது உங்க சொந்தப் புஸ்தகமா இருந்தா, நான்தான் எழுதினேன்னு கைப்பட எழுதிக் குடுத்தீங்கன்னா மெஷின்ல கழிச்சுடலாம்." நிறுத்தினார். "சொந்தப் புஸ்தகமா இருந்தாத்தான்."

திருடன் என்றால் பட்டம் போகும். கைடுக்காரன் என்றால் மானம் போகும். இரண்டில் எது எனக்கு இன்னும் அதிகமாகப் பாக்கி இருக்கிறது என்று யோசித்தேன். மணி இரண்டரை.

"என்னோடதுதான்" என்றேன்.

"ஏசி சத்தத்துல கேக்கல சார்."

"அந்தக் கைடை எழுதினது நான்தான்!"

பின்னால் பொருளாதாரம் இருமினார். இருமலா, வேறு ஏதாவதா என்று திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

"ஆதாரம் வேணுமே சார். இதுல பேராசிரியர் குழுன்னு இருக்கு."

பாருங்கள் கொடுமையை. யாருக்கும் தெரியக் கூடாது என்று பதினோரு வருடம் வேண்டிக்கொண்டவன், இப்போது சாட்சி தேடுகிறேன். வராந்தாவுக்கு ஓடி தி.நகர் பதிப்பாளருக்குப் போன் போட்டேன். அவர் எடுக்க அரை மணி நேரம் ஆயிற்று.

"எந்தக் கைடு சார்? யார் எழுதினது?"

"நான்தான்யா! இதழியல்! ஞாபகம் இல்ல?"

"அப்படி யாராவது கேட்டா தெரியாதுன்னு சொல்லணும்னு நீங்கதானே சார் சத்தியம் வாங்கினீங்க?"

"இப்ப நானே கேக்கறேனே!"

"நானே கேட்டாலும் சொல்லாதேன்னீங்க சார். வாக்குன்னா வாக்கு." வைத்துவிட்டார்.

தமிழ்நாட்டில் சொன்ன சொல் தவறாத ஒரே பதிப்பாளர் எனக்கு வாய்த்திருக்கிறார்.

மூன்றே கால். உள்ளே வந்து நாற்காலியில் விழுந்தேன். "ஆதாரம் இல்ல பஷீர் சார்."

"இருக்கு சார். நம்மகிட்டயே இருக்கு."

அவர் திறந்தது நூலகப் பட்டியல். மாணவர்கள் புத்தகம் தேடுகிற அதே பக்கம். 'இதழியல்: தேர்வுக் கைடு' என்று அடித்தார். தலைப்புக்குக் கீழே, எழுதியவர் என்ற இடத்தில், என் பெயர். இனிஷியலோடு.

"இது... எப்பலேர்ந்து இருக்கு?"

"புஸ்தகம் வந்த வாரத்துலேர்ந்து."

"உனக்கு எப்படித் தெரியும்?" 'சார்' எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"குழுன்னு போட்டிருந்தா அப்படியே எழுதிட்டு விடக் கூடாது சார். நிஜமா எழுதினவர் யாருன்னு தேடணும். எங்க படிப்பே அதான். அந்த மே மாசம் லீவுக்கு முன்னாடி நீங்க நாலு புஸ்தகம் எடுத்தீங்க. அதுல ஒண்ணுல ஒரு பத்திரிகை ஆரம்பிச்ச வருஷம் தப்பா அச்சாகியிருக்கும். கைடுலயும் அதே தப்பு. அந்தத் தப்பு அந்தப் புஸ்தகத்துல மட்டும்தான் இருக்கு. அந்தப் புஸ்தகம் உங்க வீட்டுல மட்டும்தான் இருக்கு."

எனக்கு இன்னொன்று உறைத்தது. "அப்ப, பசங்களுக்கு?"

"உங்க பேரை அடிச்சா முதல்ல வர்றதே இதுதான் சார். எல்லா பேட்ச்சுக்கும் தெரியும்."

அந்த ஜூன் மாதச் சிரிப்பெல்லாம் என் பேச்சுத் திறமைக்கு என்று நினைத்திருந்தேன். அந்தப் பெண் எழுந்து கேட்டாளே ஒரு கேள்வி! இரண்டு நிமிடக் கைதட்டல்!

"ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாமே பஷீர்?"

"நீங்க கேக்கல சார்" என்றார், கோபமில்லாமல். "இருபது வருஷத்துல நீங்க என்கிட்ட கேட்டதெல்லாம் ஃபேன் போடச் சொல்லித்தான்."

பேனாவை எடுத்தேன். உறுதிமொழியைக் கைப்பட எழுதினேன். 'மேற்படி கைடை இயற்றியவன் நானே.' கழித்துப் பார்த்தார். ஆறு சதவீதம். முத்திரை விழுந்தது. சான்றிதழில் கழிக்கப்பட்ட நூலின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அது ஆய்வேட்டோடு சேர்ந்து இணையத்தில் நிரந்தரமாக இருக்கும் என்றும் சொன்னார். ஆறுதலாகச் சொன்னதாகவே எடுத்துக்கொண்டேன்.

ஆட்டோவில் ஏறி, சான்றிதழைக் காலிப் பக்கத்தில் ஒட்டிவிட்டுச் செல்போனைப் பார்த்தேன். எங்கள் துறை வாட்ஸ்அப் குழுவின் பெயரை யாரோ மாற்றியிருந்தார்கள். 'பேராசிரியர் குழு.'

பல்கலைக்கழக கவுன்டரில் நான் நின்றபோது மணி நாலு ஐம்பது. உள்ளே முப்பது வயதுக்காரர் ஒருவர். ஆய்வேட்டை வாங்கினார். சான்றிதழ்ப் பக்கத்தைப் பிரித்தார். சீல் கட்டையைத் தூக்கியவர், அந்தரத்திலேயே நிறுத்தினார். மறுபடி படித்தார். என்னைப் பார்த்தார்.

முடிந்தது என்று நினைத்தேன்.

"சார், இந்த இதழியல் கைடு... இது நீங்களா?"

மறுக்கிற கட்டத்தையெல்லாம் நான் எப்போதோ தாண்டிவிட்டேன். "ஆமா."

அவர் எழுந்தே நின்றுவிட்டார்! "சார்! கரஸ்பாண்டென்ஸ்ல பி.ஏ. பண்றப்போ அந்தப் பேப்பர்ல மூணு தபா அரியர் சார் எனக்கு. உங்க பொஸ்தகத்தாலதான் பாஸானேன். 'இதழ் என்பது காலத்தின் கையேடு. வாசகன் என்பவன் அதன் கடைசிப் பக்கம்.' அப்படித்தானே சார் ஆரம்பிப்பீங்க? இன்னும் மறக்கல சார்!"

என் ஆய்வேட்டின் முதல் வாக்கியமும் அதுதான்.

சீல் கட்டையால் அவர் ஓங்கி ஒரு குத்து. தேதி, நேரம், கையெழுத்து, ரசீது, எல்லாம் ஒரே நிமிடத்தில். ஒரு டீயும் வரவழைத்தார்.

ஒன்பது வருட உழைப்பில் மேற்கொண்டு ஒரு பக்கத்தைக்கூட அவர் பிரித்துப் பார்க்கவில்லை. பிரித்திருந்தாலும் முதல் இரண்டு அத்தியாயம் அவருக்கு மனப்பாடம்.